பாதி பலம் போதும்

மார்ச் 4

மகளுக்கு,

சுண்டுவின் மணிக்கட்டை முறித்தது நான். அவள் விழவில்லை. சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தேன். படிக்குக் கீழே இருக்கும் வால்வைத் தொடாதே என்று இரண்டு முறை சொல்லியிருந்தேன். தொட்டாள். தண்ணீர் முகத்தில் பீய்ச்சியடித்தது, மூக்குக்கண்ணாடி எங்கோ போய் விழுந்தது, அவள் சிரித்தாள். நான் எழுந்து போய் அவள் வலது கையைப் பிடித்துத் திருகினேன். நாற்பது வருஷம் பைப் திருகிய கை அது. "விடு தாத்தா" என்று மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறைக்கும் பிறகுதான் விட்டேன். யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன், ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ மாட்டேன்.

ஆனால் யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதும் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்று சொன்னது நீ. அந்தப் பொய்யை நான் உன்னிடம் கேட்டு வாங்கவில்லை. மறுநாள் காலை விடிந்ததும் என் பையைக் கட்டிக் கதவருகே வைத்தாய். அதற்கு எனக்கு வருத்தம் இல்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் பையை இங்கே வந்து பிரித்தால் சட்டைகளுக்கு நடுவே மூன்று பக்கக் காகிதம். தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியாம். கட்டிலில் படுத்து முஷ்டியை மடக்க வேண்டுமாம், பிறகு விரிக்க வேண்டுமாம்.

நான் நோயாளி இல்லை. நான் செய்தது குற்றம். குற்றத்துக்கு யாராவது பயிற்சி கொடுப்பார்களா? தண்டனை கொடு, வாங்கிக்கொள்கிறேன். கட்டை விரலை மடக்கச் சொல்லாதே.

என் பழைய ஃபோர்மேன் தன் பட்டறைக்கு மேலே உள்ள அறையைக் கொடுத்திருக்கிறார். முகவரி உறையின் பின்னால் இருக்கிறது. போன் செய்யாதே. கொதிகலன் அறையிலேயே கிடந்த காது இது. எனக்குக் கேட்காது, நீ கத்துவாய், பிறகு நானும் கத்துவேன். எழுது.

அப்பா


மார்ச் 11

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரியில் உடை மாற்றும் அறையில் நின்றுகொண்டே படித்தேன். வீட்டில் படிக்கத் தைரியம் இல்லை.

பொய்யைக் கேட்டு வாங்கவில்லை என்கிறீர்கள். சரிதான். ஆனால் "எப்படிம்மா ஆச்சு?" என்று டாக்டர் கேட்டபோது நீங்கள் எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றீர்கள். நான் சொன்னது உங்கள் காதில் விழுந்தது. விழுந்ததால்தான் தலையைக் குனிந்துகொண்டீர்கள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யில் பாதி உங்களுடையது.

மீதிப் பாதி எனக்குப் போதும் போதும் என்று இருக்கிறது. காயத்தோடு ஒரு குழந்தை வந்தால் கூட வந்தவர்களிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான்தான். எந்தப் பதிலைச் சொன்னால் அடுத்த கேள்வி வராது என்பது எனக்கு அத்துப்படி. அந்தப் பதிலைத் தேடிப்பிடித்துச் சொன்னேன். டாக்டரும் என்னைத் தெரிந்தவர் என்பதால் அப்படியே எழுதிக்கொண்டார். வெளியூரில் வேலை பார்க்கும் உங்கள் மாப்பிள்ளை போனில் கேட்டபோதும் விழுந்துவிட்டாள் என்றுதான் சொன்னேன். இரண்டாம் முறை சொல்லும்போது நாக்கு தடுமாறவே இல்லை.

பயிற்சி தண்டனையும் இல்லை, மருந்தும் இல்லை. எங்கள் வார்டில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உங்களுக்குக் கோபம் தலைக்கு வருவதற்கு முன்பே கைக்கு வந்துவிடுகிறது. நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், முதலில் கட்டை விரல் உள்ளே போகும். இறுகுவது எப்படி இருக்கும் என்று தெரிந்தே இறுக்கிப் பழகினால், அது தானாக இறுகத் தொடங்கும்போது உங்களுக்குத் தெரியவரும். தெரிந்தால் விடலாம். தெரியாததை எப்படி விடுவது?

காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. முதலில் கைகள், பிறகு புஜம், தோள், தாடை, வயிறு, கால்கள். ஒவ்வொன்றையும் ஐந்து எண்ணும் வரை இறுக்குங்கள், பாதி பலம் போதும். பிறகு சட்டென்று விட்டுவிட்டு, அந்த இடம் எப்படி இருக்கிறது என்று இருபது எண்ணும் வரை கவனியுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். வலிக்கும் இடத்தை விட்டுவிடுங்கள்.

ஆறு வாரம் செய்யுங்கள். அதன் பிறகு நீங்கள் சுண்டுவைப் பார்ப்பதைப் பற்றிப் பேசுவோம். அதற்கு முன்னால் பேச்சே கிடையாது.

மகள்


மார்ச் 20

மகளுக்கு,

செய்தேன். பல் உடைந்தது.

பாதி பலம் என்று எழுதியிருக்கிறாய். பாதி பலத்தில் நான் எந்த வேலையும் செய்தவன் இல்லை. பாதி பலத்தில் முறுக்கிய பைப் ஒழுகும். ஐந்து எண்ணச் சொன்னாய், அது எந்த மூலைக்கு என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முப்பது எண்ணினேன். கைகளை நன்றாகவே செய்தேன். தோளும் பரவாயில்லை. தாடைக்கு வந்தேன். பதினெட்டு எண்ணும்போது வாய்க்குள் டக்கென்று ஒரு சத்தம். கடைவாய்ப் பல்லில் பாதி நாக்கின் மேல் கிடந்தது.

ஃபோர்மேன் மேலே ஓடி வந்தார். "என்னய்யா, இரும்பையா கடிச்ச?" என்றார்.

"ஒண்ணையும் கடிக்கல. சும்மாதான் கடிச்சேன்."

"சும்மா கடிச்சதுக்கே பல்லு போச்சுன்னா, நெசமா கடிச்சா என்ன ஆவும்? எம் பொண்ணும் நர்ஸா இருந்தா நல்லாருக்கும்னு ஆசைப்பட்டேன். வேணாம்டா சாமி."

பல் டாக்டர் உன்னைவிடச் சின்னப் பெண். வாய்க்குள் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "தூக்கத்துல பல்லக் கடிப்பீங்களா?" என்று கேட்டாள். யார் சொன்னது என்றேன். "உங்க பல்லே சொல்லுதே" என்று ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். அரம் போட்டுத் தேய்த்த மாதிரி எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தன. "இது இன்னிக்கு உடைஞ்ச பல்லு இல்ல பெரியவரே. நாப்பது வருஷமா உடைஞ்சிட்டே இருந்திருக்கு" என்றாள்.

அறைக்குத் திரும்பி வந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் கோபக்காரன் என்று எனக்குத் தெரியும். ஆனால் கோபம் வரும், போகும் என்று நினைத்திருந்தேன். தூங்கும்போதுகூட அது போகவில்லை என்றால், உன் அம்மா உயிரோடு இருந்த வரை எப்படிப்பட்ட மனிதன் பக்கத்தில் படுத்திருந்தாள்? அவள் ஒருநாளும் சொல்லவில்லை. அல்லது சொல்லி, நான் கேட்கவில்லை.

உன் காகிதத்தில் ஒரு குறை. ஒவ்வொரு தசைக்கும் இறுக்குவதற்கு எட்டு வரி எழுதியிருக்கிறது. விடுவதற்கு ஒரே வரி, "சட்டென்று விடவும்". எழுதியவருக்கே விடுவது எப்படி என்று தெரியாது போலிருக்கிறது. என் கை அப்படிச் சட்டென்று விடுவதில்லை. விட்டுவிட்டேன் என்று நினைத்துப் பார்த்தால் விரல்கள் இன்னும் பாதி மடங்கித்தான் இருக்கின்றன.

அப்பா


மார்ச் 29

அப்பாவுக்கு,

பல் உடைந்ததைப் படித்து வார்டிலேயே சிரித்துவிட்டேன். ஒரு நோயாளி, "என்னம்மா, நல்ல சேதியா?" என்று கேட்டார். அவர் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தேன்.

தாடையை இனிமேல் இறுக்க வேண்டாம். வாயைக் கொஞ்சம் திறந்து தொங்கவிட்டால் போதும். காகிதத்தில் பிழை இருப்பது உண்மைதான். விடுவது தனியாக ஒரு வேலை இல்லை, அதனால் எழுத ஒன்றும் இருக்காது. இறுக்குகிற வேலையை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் விடுவதையும் ஒரு வேலையாகச் செய்ய முயற்சி செய்கிறீர்கள். மேசையின் மேல் கையை வையுங்கள். அதன் எடை முழுவதையும் மேசை தாங்கட்டும். கையை நீங்கள் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறாள். "உங்கப்பா தூங்கும்போது மாவு மில்லு ஓடற மாதிரி இருக்கும்" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். உங்களிடம் சொல்லப் பயந்தாள்.

சுண்டுவுக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. எலும்பு நேராகச் சேர்ந்திருக்கிறது. கை மெலிந்து தோல் உரிந்து இருக்கிறது, சரியாகிவிடும். ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறாள். தெருவில் சுவரைத் தொட்டுக்கொண்டேதான் நடக்கிறாள். கட்டுப் போட்டிருந்த பழக்கம், நாளடைவில் போய்விடும் என்று நினைக்கிறேன்.

உங்களைப் பற்றிக் கேட்கவில்லை. மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்களும் மறைக்காமல் எழுதுகிறீர்கள்.

மகள்


ஏப்ரல் 8

மகளுக்கு,

போன வாரம் பட்டறையில் ஒரு சம்பவம். நான் இணைத்துக் கொடுத்த மோட்டார் பைப் ஒழுகுகிறது என்று ஒரு வாடிக்கையாளர் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாலு பேர் எதிரில், "கை நடுங்கற ஆளையெல்லாம் எதுக்குய்யா வேலைக்கு வச்சிருக்கீங்க? வீட்ல உக்கார வைங்க" என்றார்.

என் கட்டை விரல் உள்ளே போனது. நீ எழுதியிருந்தாயே, அதேபோல. அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக அது உள்ளே போவதைப் பார்த்தேன். கையை மேசைக்கு அடியில் கொண்டுபோய், பாதி பலத்தில் ஐந்து எண்ணி, நிறுத்தினேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். "குடுங்க, பாக்கறேன்" என்றேன். பிரித்துப் பார்த்தால் வாஷரைத் தலைகீழாக வைத்திருந்தது நான்தான். மாற்றிக் கொடுத்தேன். ஃபோர்மேன் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையே. அப்புறம் ஏன் கத்தல?" என்றார்.

ஆக, உன் பயிற்சி வேலை செய்கிறது. அதனால்தான் நிறுத்திவிட்டேன்.

கோபமாக இருக்கும் கைக்கு எதுவும் நினைவிருப்பதில்லை. தளர்ந்த கைக்கு எல்லாம் நினைவுக்கு வருகிறது. மேசை மேல் கை கிடக்கும், விரல்களுக்குள் சூடு பரவும், அந்தச் சூட்டுக்குள் சுண்டுவின் மணிக்கட்டு வந்துவிடும். எவ்வளவு மெல்லியது என்று பிடித்திருந்தபோது தெரியவில்லை, இப்போது தெரிகிறது. அவள் மூன்று முறை சொன்னது ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறது. முதல் தடவை சிரிப்பு மிச்சம் இருந்தது. இரண்டாம் தடவை சிரிப்பு இல்லை. மூன்றாம் தடவை அவள் என்னிடம் சொல்லவில்லை, வாசல் பக்கம் பார்த்து யாரிடமோ சொன்னாள்.

அதோடு நிற்கவில்லை. உன் கையும் வந்தது. உனக்கு ஒன்பது வயது, நல்ல வெயில் காலம், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாய். ஒரு வாரம் போனாய். நான் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை, ஏனென்றால் எனக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட கைக்கு நிம்மதி தேடிக் கொடுக்க எனக்கு மனமில்லை. அது இறுகியே கிடக்கட்டும். நீ சொன்ன ஆறு வாரத்தை நான் முடிக்கவில்லை என்று எழுதிக்கொள். சுண்டுவைப் பார்க்க எனக்குத் தகுதி இல்லை, அதையும் எழுதிக்கொள்.

அப்பா


ஏப்ரல் 16

அப்பாவுக்கு,

முழுக்கைச் சட்டை உங்களுக்குத் தெரியும் என்று நான் நினைக்கவே இல்லை. இத்தனை வருஷமும் உங்களிடமிருந்து மறைத்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். டீச்சர் கேட்டபோது கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன். சொல்லும்போது அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன், குனிந்தால் சந்தேகம் வரும் என்று அப்போதே தெரிந்திருந்தது. பொய் சொல்ல எனக்கு ஆஸ்பத்திரி கற்றுக்கொடுக்கவில்லை.

இப்போது சுண்டுவைப் பற்றிக் கேளுங்கள். திங்கட்கிழமை அவள் டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். விளையாட்டு நேரத்தில் ஓட மாட்டேன் என்று சுவரோரம் உட்கார்ந்துவிடுகிறாளாம். ஏன் என்று கேட்டதற்கு, "நான் விழற ஆளு டீச்சர். எனக்கே தெரியாம விழுந்துருவேன். எங்கம்மா பாத்துருக்காங்க" என்றாளாம்.

வரும் வழியில் நான் கேட்டேன். சுவரைத் தடவிக்கொண்டே நடந்தவள் நின்றாள்.

"எனக்கு விழுந்தது ஞாபகமே இல்லம்மா. தாத்தா கையப் புடிச்சாரு, அது ஞாபகம் இருக்கு. வலிச்சுது. அதுக்கப்புறம்தான் விழுந்தேனா?"

அப்பா, அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். தெருவில் யாரும் இல்லை. டாக்டர் இல்லை, டீச்சர் இல்லை. என் மகள் தன் கையில் இருக்கிற உண்மையை என்னிடம் நீட்டி, இது சரியா என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தன் கால் மேலேயே நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. அதைப் பறித்தது நீங்கள் இல்லை, நான்.

மறுநாள் வேலையில் படுக்கை விரிப்புகள் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தோளை இறுக்கினேன், விட்டேன். இறுக்கினேன், விட்டேன். நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்ததை அன்றுதான் நான் செய்தேன். நீங்கள் எழுதியது உண்மை. விட்டதும் நிம்மதி வரவில்லை, அவள் முகம்தான் வந்தது. ஆனால் தோள் இறுகாமல் அந்த முகத்தைப் பார்க்க முடிந்தது. இது நிம்மதிக்காக இல்லை அப்பா. சொல்ல வேண்டியதைச் சொல்லும்போது உடம்பு குறுக்கே வரக்கூடாது, அதற்காக. நிறுத்தாதீர்கள்.

ஆஸ்பத்திரிப் பதிவை மாற்றச் சொன்னால் விசாரணை வரும். வேலை போகலாம். உங்களையும் கூப்பிடுவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது என்று உங்களிடம் கேட்கக்கூடாது என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

மகள்


ஏப்ரல் 21

மகளுக்கு,

மறுபடி தொடங்கிவிட்டேன். காலையில் செய்தேன், இந்தக் கடிதத்துக்கு முன்னால் ஒரு தடவை செய்தேன். எழுத்து கோணலாக இருந்தால் அது வயசு, கோபம் இல்லை.

அவளைப் பார்க்க எனக்குத் தகுதி இல்லை என்று எழுதியிருந்தேன். அது வசதியான பேச்சு. நான் இங்கே உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்டிருக்க, அங்கே ஒரு குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. நான் வீட்டுக்குத் திரும்புவதைப் பற்றி இனி நீ பேச வேண்டாம், அதை நான் கேட்கவும் இல்லை. ஆறு வாரம் முடிந்தாலும் இந்த அறையில்தான் இருப்பேன். ஆனால் அவள் விழவில்லை என்பதை அவளிடம் சொல்லியாக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

நீ, சனிக்கிழமைக்குள், ஆமாம் என்று சொன்னது தப்பு என்று சுண்டுவிடம் சொல்ல வேண்டும். அதை நான் வந்து சொன்னால் செல்லாது. உன் வார்த்தையை வைத்துத்தான் அவள் நடக்கிறாள்.

நான் ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருவேன். வீட்டுக்குள் வர மாட்டேன், நீ கூப்பிட்டாலும் வர மாட்டேன். எதிரே இருக்கும் பூங்காவில் வாசல் பக்கத்து பெஞ்சில் இருப்பேன். இரண்டு கையையும் முழங்கால் மேல் விரித்து வைத்திருப்பேன், அவள் தூரத்திலிருந்தே பார்க்கலாம். சொல்லப்போவது இவ்வளவுதான்: "நீ விழல. உன் கால் நல்லா இருக்கு. உன் கையை உடைச்சது தாத்தா. நீ வால்வத் தொறந்ததுனால இல்ல, சிரிச்சதுனால இல்ல. நீ விடச் சொன்னே, நான் விடல." பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஏழாவது தடவையிலிருந்து குரல் உயராமல் வருகிறது.

ஃபோர்மேன் என்னோடு வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். என் கட்டை விரல் உள்ளே போனால் சொல்ல வேண்டும். "நான் என்ன உன் விரலுக்குக் காவக்காரனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். டிக்கெட் எடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். நான் செய்ததைப் பற்றி முதல் கடிதத்தில் உனக்கு எழுதியதை அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு, அந்த டாக்டரிடம் கொடுப்பேன். போலீஸைக் கூப்பிட்டால் கூப்பிடட்டும், அங்கேயும் அதையேதான் சொல்வேன். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்ததையும் எழுதுவேன். நீ சொன்னதைப் பற்றி நான் எழுத மாட்டேன். நீ என்னோடு உள்ளே வந்து அதை நீயே சொல்ல வேண்டும். வேலை போனால் போனதுதான், அந்தப் பயத்தை என்னால் குறைக்க முடியாது. வெளியே காத்திருந்தால் போதும் என்று உனக்குத் தோன்றினால், கையைப் பிடித்து இழுக்க மாட்டேன்.

மாப்பிள்ளைக்கும் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை தபாலில் போடுவேன். அதற்கு முன்னால் நீ அவரிடம் பேசிவிடு. பொய்யை உன் வாயால் கேட்டவர், உண்மையையும் உன் வாயாலேயே கேட்பதுதான் முறை.

டீச்சரிடம் நீ போய்ச் சொல்ல வேண்டும், இந்தப் பிள்ளை விழுகிற பிள்ளை இல்லை என்று. அதற்காக அவளைக் கட்டாயப்படுத்தி ஓட வைக்கவும் வேண்டாம்.

சுண்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை. பெஞ்ச் வரை வர வேண்டியதில்லை. கையைக் கொடுக்க வேண்டியதில்லை, பரவாயில்லை தாத்தா என்று சொல்ல வேண்டியதில்லை, சொல்லச் சொல்லி நீயும் சொல்லாதே. சன்னலைத் திறந்து அங்கிருந்தே கேட்டால் போதும், தெரு குறுகல்தான், கேட்கும். கேட்க மாட்டேன் என்று சன்னலைச் சாத்தினால், சாத்தட்டும். அடுத்த ஞாயிறும் நான் வருவேன்.

அப்பா